தமிழ்ப் பற்றுச்சீட்டு நான்காம் வரியில் குழம்புகிறது: சீரியல் அச்சுப்பொறியும் கணினியும் கைகுலுக்கவில்லையா?

சம்மாந்துறை நெல்லாலை (கேள்வி)

அனைவருக்கும் எனது சலாமும் வணக்கமும். சம்மாந்துறையில் எங்கள் குடும்பம் நடத்தும் சிறிய அரிசி ஆலையில் எடைமேடைக் கணினியையும் அதனுடன் இணைந்த அச்சுப்பொறியையும் நான் பார்த்துக்கொள்கிறேன். விவசாயி நெல்லை இறக்கியதும் அவருடைய பெயர், நெல்லின் இனம், மூடைகளின் எண்ணிக்கை, ஈரப்பதன், நிகர எடை, தொகை ஆகியவை அடங்கிய பற்றுச்சீட்டு ஒரே அடியில் மூன்று படிகளாக அச்சாக வேண்டும். அதற்காகவே 9 ஊசித் தலையுள்ள பழைய டொட் மெட்ரிக்ஸ் அச்சுப்பொறியை இன்றும் வைத்திருக்கிறோம். அதில் 25 ஊசிச் சீரியல் துறை (தரவை ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் இணைப்பு) மட்டுமே இருக்கிறது. கணினியில் சீரியல் துறை இல்லாததால் யூ.எஸ்.பி. மாற்றி ஒன்றின் வழியாக ஏறத்தாழ ஆறு மீற்றர் நீளமான கேபிளால் இரண்டையும் இணைத்திருக்கிறோம். வேகம் செக்கனுக்கு 19,200 பிட்டுகள். எட்டுத் தரவு பிட்டுகள், சமநிலை பிட் இல்லை, ஒரு நிறுத்த பிட்.

ஆறு வருடங்களாக ஆங்கிலத்தில் சீட்டு அடித்தோம். ஒரு குறையும் இருக்கவில்லை. தாங்கள் கையொப்பமிடும் சீட்டைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்று விவசாயிகள் நீண்ட காலமாகக் கேட்டுவந்ததால் இந்தப் பெரும்போகத்திலிருந்து தமிழில் அடிக்கத் தொடங்கினோம். அச்சுப்பொறிக்குத் தமிழ் எழுத்துரு தெரியாது. ஆகவே நிரல் ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்து அனுப்புகிறது. முதல் மூன்று வரிகள் அழகாக வருகின்றன. நான்காம் வரியின் மேற்பாதி சரியாக வந்து கீழ்ப்பாதி இடையில் பிசகுகிறது. அதன் பின்னர் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. வேகத்தை 9,600 ஆகக் குறைத்தால் பதின்மூன்றாம் வரி வரை சரியாக வந்து அங்கே குழம்புகிறது. 4,800 இல் முழுவதும் சரியாக வருகிறது, ஆனால் 22 வரிகளுள்ள ஒரு சீட்டுக்கு ஒன்றரை நிமிடம் எடுக்கிறது. வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்கும்போது அது முடியாத காரியம்.

சாதன முகாமையாளரில் பாய்வுக் கட்டுப்பாடு, அதாவது அச்சுப்பொறி "நிறுத்து" என்றால் கணினி நிற்கும் கைகுலுக்கல் ஒழுங்கு, "வன்பொருள்" என்றே தெரிவு செய்யப்பட்டிருக்கிறது. அச்சுப்பொறியின் கையேட்டில் உள்வாங்கும் நினைவகம் 4 கிலோபைட் என்று இருக்கிறது. கைகுலுக்கல் நடக்கிறது என்றால் இது ஏன் நிகழ்கிறது? அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

கல்முனைத் திருத்துநர்

சம்மாந்துறை நானா, முதலில் கேபிளின் முனைகளைக் கழற்றிப் பாருங்கள். இந்தக் கரையோரத்தில் எனக்கு வரும் சீரியல் கேபிள்களில் பாதிக்கு மேல் உப்புக்காற்றில் ஊசிகள் பச்சை பிடித்தவையாகவே இருக்கும். ஆலைத் தூசியும் உமியும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். மின் மோட்டார் வயர்களுக்கு அருகாகக் கேபிள் ஓடினாலும் எழுத்துகள் சிதையும்.

கல்லடி ஓய்வாளர்

தொலைத்தொடர்பில் முப்பது ஆண்டுகள் மோடம்களோடு வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். திருத்துநர் தம்பி சொன்ன துருவும் மோட்டார் இரைச்சலும் உண்மையான நோய்களே. ஆனால் அவை நேரம் பார்த்து வருவதில்லை. இரைச்சல் என்றால் ஒரு சீட்டில் இரண்டாம் வரியில் வரும், இன்னொன்றில் வராமலே போகும். உங்களுடைய பிழையோ ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வருகிறது. வேகத்தை மாற்றினால் இடமும் ஒழுங்காக நகர்கிறது. இப்படிக் கணக்குத் தவறாமல் வரும் பிழை நிரம்பி வழியும் பாத்திரத்தின் அடையாளம். நீங்கள் தந்த எண்களை வைத்தே அதைக் காட்டிவிடலாம். அதற்கு ஒரேயொரு விபரம் வேண்டும்: தமிழில் அச்சிடும்போது தலை ஒருமுறை ஓடித் திரும்பி, தாளும் நகர்வதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது? கைக்கடிகாரத்தால் பத்து ஓட்டங்களை அளந்து பத்தால் வகுத்துச் சொல்லுங்கள். ஒரு தமிழ் வரிக்கு எத்தனை ஓட்டம் என்பதையும் எழுதுங்கள்.

சம்மாந்துறை நெல்லாலை

சேர், அளந்தேன். பத்து ஓட்டத்துக்குப் பன்னிரண்டு செக்கன், அதாவது ஓட்டத்துக்கு 1.2 செக்கன். ஒரு தமிழ் வரிக்கு இரண்டு ஓட்டங்கள். முதல் ஓட்டம் எழுத்துகளின் மேற்பாதி, இரண்டாவது கீழ்ப்பாதி. நிரலை எழுதித் தந்தவரிடம் கேட்டபோது அங்குலத்துக்கு 120 புள்ளிகள், எட்டு அங்குல அகலம் என்றார்.

கல்லடி ஓய்வாளர்

நன்றி. இப்போது கணக்குக்கு வருவோம்.

படம் அடிக்கும்போது அச்சுத் தலையின் ஒன்பது ஊசிகளில் எட்டுத்தான் பயன்படும்; ஒரு செங்குத்து வரிசையில் எட்டுப் புள்ளிகள், அதாவது ஒரு பைட். எட்டு அங்குலத்தை 120 ஆல் பெருக்கினால் ஓர் ஓட்டத்துக்கு 960 பைட்டுகள். உங்கள் துறையில் ஒவ்வொரு பைட்டும் ஒரு தொடக்க பிட், எட்டுத் தரவு பிட், ஒரு நிறுத்த பிட் எனப் பத்து பிட்டுகளாகப் போவதால் 19,200 வேகத்தில் செக்கனுக்கு 1,920 பைட்டுகள் வந்து சேர்கின்றன. அச்சுப்பொறியோ 1.2 செக்கனுக்கு 960, அதாவது செக்கனுக்கு 800 பைட்டுகளை மட்டுமே தீர்க்கிறது. மிகுதி 1,120 பைட்டுகள் ஒவ்வொரு செக்கனும் நினைவகத்தில் தேங்குகின்றன. 4 கிலோபைட் என்பது 4,096 பைட்டுகள். அது நிரம்ப ஏறத்தாழ 3.7 செக்கன் போதும். அதற்குள் கணினி அனுப்பியிருப்பது 7,000 பைட்டுகளுக்குச் சற்று அதிகம். ஏழு ஓட்டங்களுக்கு 6,720 பைட்டுகள். எனவே வழிதல் எட்டாம் ஓட்டத்தில் தொடங்குகிறது. எட்டாம் ஓட்டம் என்பது நான்காம் வரியின் கீழ்ப்பாதி. நீங்கள் கண்ணால் கண்டதும் அதுதான்.

9,600 இல் செக்கனுக்கு 960 வருகின்றன, 800 தீர்கின்றன, 160 தேங்குகின்றன. நிரம்ப 25.6 செக்கன். அதற்குள் வந்தவை 24,576 பைட்டுகள், அதாவது இருபத்தைந்து ஓட்டங்களும் இருபத்தாறாவதில் ஒரு பகுதியும். இரண்டால் வகுத்தால் பதின்மூன்றாம் வரி. 4,800 இல் வருவதே செக்கனுக்கு 480 என்பதால் எக்காலத்திலும் நிரம்பாது. அச்சுப்பொறிகள் உள்ளே தரவைக் கையாளும் விதம் இதைவிடச் சிறிது சிக்கலானது என்றாலும் இவ்வளவு பொருத்தம் தற்செயலாக வராது.

வழிந்த பின்னர் ஏன் புரியாத எழுத்துகள் ஓடுகின்றன என்பதற்கும் விடை இதிலேயே உண்டு. இவ்வகை அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவை எப்சன் நிறுவனம் வகுத்த கட்டளை முறையைப் பின்பற்றுகின்றன. அதில் ஒரு படவரிக்கு முன்னால் 27, 42, 1, 192, 3 என்ற ஐந்து பைட்டுகள் போகும். முதல் இரண்டும் "இனிப் படம்" என்கின்றன. 1 என்பது 120 புள்ளி அடர்த்தி. 192 உடன் 3 தடவை 256 ஐக் கூட்டினால் 960. இனி வரும் 960 பைட்டுகளும் புள்ளிகள் என்று எண்ணிக்கொண்டு அச்சுப்பொறி காத்திருக்கிறது. நடுவில் 100 பைட்டுகள் தொலைந்தால் அடுத்த வரியின் கட்டளையையும் சேர்த்து 100 பைட்டுகளைப் புள்ளிகளாக விழுங்கிவிடும். கட்டளை விழுங்கப்பட்டபின் வருகின்ற புள்ளிகளை அது எழுத்துகள் என்று நினைத்து அடிக்கிறது. அவற்றில் தற்செயலாகத் தாள் தள்ளும் குறியீடும் இருக்கும்; பக்கம் பக்கமாக ஓடுவது அதனால்தான்.

எனது முடிவு இது: உங்கள் ஆலையில் கைகுலுக்கல் இந்தப் பெரும்போகத்தில் பழுதாகவில்லை. ஆறு வருடங்களாகவே அது நடக்கவில்லை. ஆங்கிலச் சீட்டில் வரிக்கு எண்பது எழுத்து வீதம் முப்பது வரி இருந்தாலும் 2,400 பைட்டுகள்தான். முழுச் சீட்டும் நினைவகத்துக்குள் அடங்கிவிட்டது, "நிறுத்து" என்று சொல்ல வேண்டிய தேவையே அச்சுப்பொறிக்கு வரவில்லை. தமிழில் ஒரு சீட்டு 42,000 பைட்டுகளைத் தாண்டுகிறது. இப்போதுதான் அது "நிறுத்து" என்கிறது. கேட்க ஒருவரும் இல்லை. கேபிளின் இரு முனைகளையும் திறந்து எந்த ஊசி எதனோடு இணைந்திருக்கிறது என்று எழுதுங்கள்.

அக்கரைப்பற்று மாணவி

ஐயா, உங்கள் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன், ஒத்துவருகிறது. எனக்கு ஒரு சந்தேகம். வன்பொருள் கைகுலுக்கலுக்கு வயர்கள் கூடுதலாக வேண்டும். எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் முறைக்கு அனுப்பும் வயர், பெறும் வயர், பொது நிலம் என மூன்றே போதும் அல்லவா? அச்சுப்பொறி நிரம்பும்போது 19 என்ற குறியீட்டையும் இடம் கிடைத்ததும் 17 ஐயும் அனுப்பினால் கணினி நிற்கும், தொடரும். ஆனால் படத் தரவுக்குள்ளேயே 19 என்ற பைட் வந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அதனால் அந்த முறை இங்கே உதவாதா?

கல்லடி ஓய்வாளர்

மகள், நல்ல கேள்வி. உங்கள் வகுப்பில் சொன்னது இரு திசையிலும் தரவு ஓடும் இடத்துக்குப் பொருந்தும். இங்கே திசையைக் கவனிக்க வேண்டும். கணினி நிற்பது தான் பெறும் 19 ஐக் கண்டே தவிர, தான் அனுப்பும் 19 ஐக் கண்டு அல்ல. படம் கணினியிலிருந்து அச்சுப்பொறிக்குப் போகிறது. "நிறுத்து" எதிர்த் திசையில் வருகிறது. ஆகவே படத்துக்குள் எத்தனை 19 இருந்தாலும் கணினி நிற்காது. ஓர் எடைக்கருவி இரும எண்களாகத் தரவைக் கணினிக்கு அனுப்பினால், அப்போது அந்த அச்சம் முழு உண்மை.

இருந்தும் இங்கே அந்த முறையை நான் விரும்பமாட்டேன். மாற்றியே 19 ஐக் கவனித்து நிறுத்தும் வகையாக இல்லாவிட்டால், அது தரவைப் போலவே துறைக்குள் வந்து, மாற்றி வழியாகக் கணினியின் இயக்கி மென்பொருளுக்கு ஏறி, அங்கே வாசிக்கப்பட்ட பிறகே அனுப்புதல் நிற்கும். யூ.எஸ்.பி. மாற்றிகள் பெற்ற எழுத்துகளைச் சேர்த்துவைத்தே மேலே அனுப்புவதால் சில மில்லிசெக்கன்கள் கழியும், இந்தக் காத்திருப்பை 16 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். 19,200 இல் அதற்குள் முப்பது பைட்டுகள் போய்விடும். மாற்றிக்குள் ஏற்கெனவே இறங்கியவையும் தொடர்ந்து போகக்கூடும். அச்சுப்பொறி சிறிது இடம் மிச்சம் வைத்தே குரல் கொடுப்பதால் பெரும்பாலும் சமாளிக்கும். "பெரும்பாலும்" என்ற சொல்லை நம்பி ஒரு விவசாயியின் பணச் சீட்டை அடிக்க எனக்கு மனமில்லை. இன்னொன்று, 17 என்ற ஒற்றை பைட் வழியில் தொலைந்தால் கணினி முடிவில்லாமல் காத்துக்கிடக்கும். வயரில் நிற்கும் மின்னழுத்தம் அப்படித் தொலைந்துபோகாது. அது எப்போதும் அங்கே நிற்கிறது, எப்போது பார்த்தாலும் பதில் சொல்கிறது.

சம்மாந்துறை நெல்லாலை

சேர், இரு முனைகளையும் திறந்தேன். கணினிப் பக்கத்து 9 ஊசி முனையில் 2, 3, 5 ஆகிய மூன்றிலிருந்து மட்டுமே வயர் போகிறது. 7 உம் 8 உம் ஒரு சிறு வயரால் இணைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன; 1, 4, 6 ஆகியவையும் அவ்வாறே. அச்சுப்பொறிப் பக்கத்தில் 2, 3, 7 மட்டும்.

நீங்கள் ஆறு வருடம் என்று எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. முன்பும் அவசரத்தில் இரண்டு ஆங்கிலச் சீட்டுகளை அடுத்தடுத்து அனுப்பினால் இரண்டாவதின் அடியில் சில எழுத்துகள் இல்லாமல் போகும். மை நாடாவைத்தான் குறை சொல்லி மாற்றினோம்.

கல்லடி ஓய்வாளர்

தம்பி, அந்த 7 - 8 இணைப்பில்தான் முழு விடயமும் இருக்கிறது. 9 ஊசித் துறையில் 7 என்பது ஆர்.ரி.எஸ்., கணினி "அனுப்பட்டுமா" என்று கேட்கும் வயர். 8 என்பது சி.ரி.எஸ்., "அனுப்பு" என்ற பதில் வரும் வயர். இரண்டையும் ஒன்றாகக் கட்டியதால் கணினி தன் கேள்வியையே பதிலாகக் கேட்டுக்கொள்கிறது. சாதன முகாமையாளரில் "வன்பொருள்" என்று இருந்தும் பயனில்லாமல் போனது இதனால்தான்: அது சி.ரி.எஸ். ஐப் பார்க்கத்தான் செய்கிறது, அங்கே எப்போதும் "அனுப்பு" என்றே இருக்கிறது. இத்தகைய கேபிள்கள் கைகுலுக்கலை எதிர்பார்க்கும் கணினியை ஏமாற்றி வேலை செய்ய வைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. செய்தவர் தீங்கு நினைத்திருக்கமாட்டார். அன்றைக்குச் சீட்டு வந்தது, அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல் அச்சுப்பொறிப் பக்கத்தில். சீரியல் துறைக்கான ஆர்.எஸ்.-232 நியமம் 1960 இல் வந்தபோது அது முனையத்துக்கும் (தரவை அனுப்பிப் பெறும் கருவிக்கும்) மோடத்துக்கும் (அத்தரவைத் தொலைபேசி வழியில் கொண்டுசெல்லும் கருவிக்கும்) இடையிலான ஒழுங்காகவே எழுதப்பட்டது. 1969 இல் வந்த "சி" பதிப்பும் அப்படியே. கணினியும் அச்சுப்பொறியும் நேரடியாக, மோடமே இல்லாமல், இரண்டும் முனையங்களாக நின்று பேசும் நிலையை அது கருதவில்லை. எனவே அச்சுப்பொறி செய்தவர்கள் "நிரம்பிவிட்டேன்" என்பதைச் சொல்லத் தங்களுக்கு வசதியான ஒரு வயரை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலானவர்கள் எடுத்தது 25 ஊசித் துறையின் 20, அதாவது டி.ரி.ஆர். இயல்பில் அதன் பொருள் "முனையம் ஆயத்தம்" என்பதே; அச்சுப்பொறியில் அது நிமிடத்துக்குப் பலமுறை மேலும் கீழும் போகும் போக்குவரத்து விளக்காகிவிட்டது. கணினியின் 7 ஐ அச்சுப்பொறியின் 5 உடனும், அச்சுப்பொறியின் 4 ஐக் கணினியின் 8 உடனும் குறுக்காக இணைக்கும் பொதுக் கேபிளைக் கடையில் வாங்கினாலும் உங்களுக்கு உதவாமல் போகக்கூடியது இதனால்தான்.

வயர் தொடுமுன் அளந்து பாருங்கள். மல்டிமீற்றரின் கறுப்பு முனையை அச்சுப்பொறியின் 7 இலும் சிவப்பு முனையை 20 இலும் வையுங்கள். அச்சுப்பொறி ஆயத்தமாக இருக்கும்போது மூன்று வோல்ற்றுக்கு மேலான நேர் அழுத்தம், வழக்கமாக ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடையில், தெரிய வேண்டும். பின்னர் முன்பக்கத்து "ஒன்லைன்" பொத்தானை அழுத்தி அதை விலக்குங்கள். எதிர் அழுத்தமாக மாற வேண்டும். மாறினால் நமது வயர் அதுதான். நினைவகத்தை நிரப்பிப் பார்க்காமலே கைகுலுக்கலைச் சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

மாறினால் 7 - 8 இணைப்பை முதலில் வெட்டிவிடுங்கள். இதை மறந்துவிட்டு 20 ஐ 8 உடன் இணைத்தால் இரண்டு வெளியீடுகள் ஒன்றோடொன்று மோதும். வெட்டிய பிறகு அச்சுப்பொறியின் 20 இலிருந்து கணினியின் 8 க்கு ஒரு வயர். "மறுபக்கம் ஆயத்தம்" என்பதைக் கேட்கும் 6 க்குக் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். பல இயக்கிகளும் நிரல்களும் சி.ரி.எஸ். ஐ மட்டுமே மதிக்கின்றன, லினக்ஸின் வழக்கமான அமைப்பிலும் அப்படியே. 1 - 4 - 6 இணைப்பு இருந்துவிட்டுப் போகட்டும். 2 க்கு 2, 3 க்கு 3 என்று நேராக இருப்பதைக் கண்டு குறுக்காகவில்லையே என்று கலங்க வேண்டாம்; 9 ஊசியிலும் 25 ஊசியிலும் அந்த இரண்டின் பொருள் எதிரெதிராக இருப்பதால் அது சரியே.

கல்முனைத் திருத்துநர்

ஐயா சொன்னது எனக்கும் பாடம். கேபிளைத் துடைப்பதோடு நின்றிருப்பேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: நானா, உங்கள் யூ.எஸ்.பி. மாற்றியில் 8 ஆம் ஊசி உண்மையில் சில்லோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊசி இருக்கும், உள்ளே வயர் இருக்காது என்ற வகையில் மலிவான மாற்றிகள் எனக்கு வந்திருக்கின்றன. வேறு மாற்றி தேவைப்பட்டால் ஐந்து வோல்ற் அளவில் மட்டும் வேலை செய்யும் சிறு பலகைகளை வாங்கிவிடாதீர்கள். அச்சுப்பொறியின் எதிர் அழுத்தம் அவற்றை எரித்துவிடும்.

சம்மாந்துறை நெல்லாலை

அல்ஹம்துலில்லாஹ், வேலை செய்கிறது. 20 இல் ஆயத்தமாக இருக்கும்போது 9.4 வோல்ற், விலக்கியதும் எதிர் 9.2 வோல்ற் காட்டியது. 7 - 8 ஐ வெட்டி, வயரைப் பற்றவைத்து, 19,200 இலேயே அனுப்பினேன். இருபத்திரண்டு வரிகளும் ஒரு புள்ளி பிசகாமல் வந்தன. 53 செக்கன் எடுத்தது. நாற்பத்துநான்கு ஓட்டத்தை 1.2 ஆல் பெருக்கினால் 52.8 வருகிறது, இனி இதைவிட வேகமாக அச்சுப்பொறியால் முடியாது என்று விளங்கிக்கொண்டேன்.

புதிதாக ஒன்று: நேற்று மாலை தாள் முடிந்தபோது நிரல் அப்படியே உறைந்து நின்றது. கணினியை அணைத்துத்தான் மீட்டோம். முன்பு இப்படி நடந்ததில்லை.

கல்லடி ஓய்வாளர்

முன்பு தாள் முடிந்தாலும் கணினி தொடர்ந்து அனுப்பித் தீர்த்துவிடும், சீட்டுத்தான் தொலையும். இப்போது அச்சுப்பொறி 20 ஐக் கீழே இறக்கியதும் கணினி பணிந்து நிற்கிறது. நிரல் எழுதியவரிடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். எழுதும் கட்டளைக்குக் கால எல்லை ஒன்று வைக்க வேண்டும். ஓர் ஓட்டம் 1.2 செக்கன் என்பதால் பத்துச் செக்கன் போதும். எல்லை கடந்ததும் சி.ரி.எஸ். இன் நிலையை வாசித்து "அச்சுப்பொறி ஆயத்தமில்லை, தாளைப் பாருங்கள்" என்று திரையில் காட்டி, தாள் போட்டதும் விட்ட பைட்டிலிருந்தே தொடர வேண்டும். சீட்டை முதலிலிருந்து மீண்டும் அனுப்ப விடாதீர்கள். நினைவகத்தில் ஏற்கெனவே 4 கிலோபைட் காத்திருக்கிறது, படத்தின் நடுவில் புதிய சீட்டு புகுந்தால் பழைய குழப்பம் திரும்பிவிடும்.

சம்மாந்துறை நெல்லாலை

சொல்லிவிட்டேன் சேர். நாளை மறுநாள் வந்து மாற்றித் தருவதாகச் சொன்னார். அதுவரை ஒவ்வொரு நாற்பதாவது சீட்டிலும் தாள் கட்டைப் பார்க்கும்படி எடைமேடைத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கேபிளின் முனையில் எந்த ஊசி எதற்கு என்று தமிழில் எழுதிய சிறு சீட்டு ஒன்றையும் ஒட்டிவைத்திருக்கிறேன், அடுத்து திறப்பவர் அந்த 7 - 8 ஐ மீண்டும் கட்டிவிடாமல் இருப்பதற்காக.